காலைப் பிரார்த்தனையும் போஸ்டிங் பட்டியலும்: நர்சிங் ஆசிரியர்களின் மனநலத்தை ஆன்மிகத் தலைமை காப்பாற்றுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். நீங்கள் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் ட்யூட்டர். புதிதாக வந்த பிரின்சிபால் தினமும் காலையில் கால் மணி நேரப் பிரார்த்தனையும் வாரம் ஒரு நாள் தியான வகுப்பும் கட்டாயம் என்று ஆரம்பித்திருக்கிறார். ஆன்மிகத் தலைமை இருந்தால் ஆசிரியர்களின் உளநலம் உயரும் என்று ஆய்வுகள் சொல்வதாக ஸ்டாஃப் மீட்டிங்கில் விளக்கியிருக்கிறார். உங்களுக்கோ பல மாதமாகத் தூக்கம் சரியில்லை, ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஆனாலே மறுநாளை நினைத்து நெஞ்சு கனக்கிறது. இதில் நிஜமாகவே பலன் உண்டா, இல்லை என் மனசில்தான் ஏதாவது குறையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மனசில் குறை என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. மனநல நர்சிங் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையிலும், பலவிதமான பிரின்சிபால்களிடம் வேலை பார்த்தவள் என்ற முறையிலும் சொல்கிறேன்: ஆன்மிகத் தலைமைக்குப் பலன் உண்டு, அது வெறும் பேச்சில்லை. ஆனால் அந்தப் பலன் காலைப் பிரார்த்தனையிலிருந்து வருவதில்லை. எந்த ட்யூட்டர் எந்த வார்டில் நிற்பது என்ற போஸ்டிங் பட்டியலை யார், எப்படிப் போடுகிறார்கள், ஒரு தப்பு நடந்தால் யார் முன்னால் வந்து நிற்கிறார்கள் என்பதிலிருந்து வருகிறது. அந்தக் கோட்பாட்டை எழுதியவரே கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லியிருக்கிறார்.

அவர் லூயிஸ் ஃப்ரை, அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் இருந்த மேலாண்மைப் பேராசிரியர். 2003-ல் வந்த அவருடைய கட்டுரையிலிருந்துதான் இன்று நர்சிங் ஆய்வேடுகளில் அடிபடும் 'ஆன்மிகத் தலைமை' கிளம்பியது. தலைமையில் இருப்பவரிடம் அவர் மூன்று விஷயங்களை எதிர்பார்க்கிறார்: எங்கே போகிறோம் என்ற தெளிவான தொலைநோக்கு, அது நடக்கும் என்ற நம்பிக்கை, கூட வேலை செய்பவர்கள்மேல் தன்னலமில்லாத அன்பு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் கீழே இருப்பவர்களுக்குள் இரண்டு உணர்வுகள் வளரும் என்கிறார். ஒன்று, என் வேலைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது, நான் செய்வதால் யாருக்கோ வித்தியாசம் ஏற்படுகிறது என்பது. இன்னொன்று, இங்கே என்னை ஒரு மனுஷியாக மதிக்கிறார்கள், நானும் இந்த இடத்தைச் சேர்ந்தவள் என்பது. உளநலம், வேலையில் ஈடுபாடு, நிறுவனத்தின்மேல் பற்று எல்லாம் இந்த இரண்டு உணர்வுகளின் வழியாகத்தான் வருகின்றன.

மதம் இல்லாமலும் ஆன்மிகம் இருக்கலாம் என்பதையும் ஃப்ரை தெளிவாகவே எழுதியிருக்கிறார். 2005-ல் அவரும் சக ஆய்வாளர்களும் இந்தக் கோட்பாட்டைச் சோதித்துப் பார்த்தது டெக்சஸில் ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளத்தில், புதிதாக அமைக்கப்பட்ட ஒரு அப்பாச்சி ஹெலிகாப்டர் படைப்பிரிவில். அங்கே அவர் அளந்தது பஜனையையோ ஜெபத்தையோ இல்லை, தங்கள் தலைமையையும் வேலையையும் பற்றி வீரர்கள் என்ன உணர்ந்தார்கள் என்பதை.

அந்த ஆய்வுக்குப் பயன்பட்ட கேள்வித்தாளில் 'தன்னலமற்ற அன்பு' என்ற பகுதியில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். சொல்வதைத் தலைவர்கள் செய்கிறார்களா? ஊழியர்கள் கஷ்டப்படும்போது ஏதாவது செய்ய வேண்டும் என்று நிறுவனம் நினைக்கிறதா? நேர்மையாக நடந்த தவறுக்குத் தண்டனை தராமல் இருக்கிறதா? தன் ஆட்களுக்காக எழுந்து நிற்கும் தைரியம் தலைவர்களுக்கு இருக்கிறதா? பொய்யான பெருமை இல்லாமல் இருக்கிறார்களா? இந்த மாதிரிக் கேள்விகள்தான். எத்தனை மணிக்குப் பிரார்த்தனை, யார் வந்தார்கள் என்ற கேள்வி அதில் இல்லவே இல்லை. பிரார்த்தனை, தியானம், யோகா, நாட்குறிப்பு எழுதுவது போன்றவற்றை அவர் பின்னாளில் 'உள் வாழ்வு' என்ற பெயரில் சேர்த்துக்கொண்டார். அதுவும் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த மாதிரி வைத்துக்கொள்ளும் ஊற்றாகத்தான். நிறுவனம் அதற்கு இடம் கொடுக்கலாம், வருகைப் பதிவேடு வைக்கக் கூடாது.

உங்கள் பிரின்சிபால் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்கிறார் என்று நான் நினைக்கவில்லை. நிறையப் பேர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பைப் படித்துவிட்டு இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள்.

இப்போது அந்தக் கேள்வித்தாளை நம் ஊர்க் கல்லூரிக்குக் கொண்டு வருவோம். நேர்மையாக நடந்த தவறு என்றால் என்ன? எந்தக் கல்லூரியிலும் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். மெடிக்கல் வார்டில் ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள். இரண்டாம் வருட மாணவி ஒருத்தி ஒருவருக்குப் போக வேண்டிய ரத்த அழுத்த மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுகிறாள். அந்த நேரத்தில் ட்யூட்டர் பக்கத்து சர்ஜிக்கல் வார்டில் வேறொரு மாணவியின் டிரெஸ்ஸிங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஏனென்றால் அன்றைக்கு இரண்டு வார்டுக்கும் சேர்த்து அவர் ஒருவர்தான். மாணவியே பயந்துபோய் வந்து சொல்கிறாள். டியூட்டி டாக்டரிடம் சொல்லி, கால் மணிக்கு ஒருமுறை பிபி பார்த்து, நல்லவேளையாக நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. வார்டு சிஸ்டர் கல்லூரிக்குப் போன் போட்டுக் கத்துகிறார்.

இதற்கு அப்புறம் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கல்லூரியில் ட்யூட்டருக்கு அன்று மாலையே மெமோ வரும், மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் விளக்கம் கேட்பார்கள், மாணவிக்கு இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள். அடுத்த முறை இப்படி ஒன்று நடந்தால் மாணவி வாயைத் திறக்க மாட்டாள், ட்யூட்டரும் திறக்க மாட்டார். இன்னொரு கல்லூரியில் பிரின்சிபாலே வார்டுக்கு வருவார். முதல் கேள்வி நோயாளி எப்படி இருக்கிறார் என்பதாக இருக்கும். வார்டு சிஸ்டரிடம் கல்லூரியின் சார்பில் அவரே மன்னிப்புக் கேட்பார். நடந்த தவறைப் பதிவு செய்யும் இன்சிடென்ட் ஃபார்மை ட்யூட்டரோடு உட்கார்ந்து எழுதுவார். மறுநாள் ட்யூட்டரைக் கூப்பிட்டு, ரெண்டு வார்டுக்கு உன்னை ஒருத்தியாகப் போட்டது யார், எதனால் என்று கேட்டுப் பட்டியலைத் திருத்துவார். மாணவியிடம் மருந்து கொடுக்கும் முன் நோயாளியை அடையாளம் சரிபார்க்கும் முறையைத் திரும்பச் செய்து காட்டச் சொல்வார். தவறு தவறாகவே இருக்கும், ஆனால் அதைச் சொன்னவளுக்கு அவமானம் இருக்காது.

ஃப்ரை சொல்லும் ஆன்மிகத் தலைமை இந்த இரண்டாவது பிரின்சிபாலிடம் இருக்கிறது. அவர் கோயிலுக்குப் போகிறவரா, சர்ச்சுக்குப் போகிறவரா, எதற்கும் போகாதவரா என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை. இது வெறும் நல்லெண்ணப் பேச்சில்லை என்பதற்கு வேறு பக்கத்திலிருந்தும் சான்று உண்டு. எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996-ல் எழுதினார். நல்ல தலைமை உள்ள வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். கணக்கில் அங்கேதான் தவறு அதிகமாகத் தெரிந்தது. காரணம், அங்கே இருந்த நர்ஸ்கள் பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற வார்டுகளில் மறைத்தார்கள். பயம் போனால் நோயாளிக்கும் பாதுகாப்பு, வேலை செய்பவருக்கும் நிம்மதி. எனக்குத் தெரிந்தவரை ஆசிரியர் ஒருவரின் ஞாயிறு சாயந்தர நெஞ்சுக் கனம் இந்தப் பயத்தில்தான் பெரும்பாலும் வேர் விட்டிருக்கிறது.

உளநலம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருப்பதைத்தான் நிறையப் பேர் உளநலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கரோல் ரிஃப் என்ற உளவியலாளர் 1989-ல் இதற்கு ஆறு அம்சங்களை வகுத்தார்: தன்னைத்தானே ஏற்றுக்கொள்வது, மற்றவர்களோடு நல்லுறவு, தன் முடிவைத் தானே எடுக்கும் சுதந்திரம், தன்னைச் சுற்றியிருக்கும் சூழலைச் சமாளிக்கும் பிடி, வாழ்க்கையில் நோக்கம், வளர்ச்சி. நர்சிங் ஆசிரியர்களில் பெரும்பாலோருக்கு நோக்கம் குறைவதில்லை. நாம் பயிற்சி கொடுத்த பிள்ளை ஐ.சி.யூ.வில் தனியாக நின்று ஒரு உயிரைப் பிடித்து வைப்பதைப் பார்த்தவர்களுக்கு அர்த்தத்தைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். குறைவது சுதந்திரமும் சூழல்மேல் பிடியும்தான்.

காலை ஏழரைக்கெல்லாம் மாணவிகளோடு வார்டில் நிற்க வேண்டும். மதியம் கல்லூரிக்கு வந்து தியரி வகுப்பு. அப்புறம் லாக் புக், கேர் பிளான், கேஸ் ஸ்டடி திருத்தல். 2021-22 கல்வியாண்டிலிருந்து பி.எஸ்சி. நர்சிங் எட்டு செமஸ்டராக மாறியதில் பாடத்திட்டம் நல்லபடியாகவே புதுப்பிக்கப்பட்டது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வந்த தேர்வு இப்போது இருமுறை வருகிறது, அதற்குரிய இன்டர்னல், மாடல், பிராக்டிகல், மார்க் ஏற்றும் வேலை எல்லாம் அதே கைகளில் விழுகிறது. பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. வருடத்துக்கு 60 பேர் சேரும் கல்லூரியில் நான்கு வருடத்துக்கு 240 மாணவர்கள், கணக்குப்படி 24 ஆசிரியர்கள் வேண்டும். உங்கள் கல்லூரியில் தினமும் வந்து வகுப்பெடுப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணுக்கும் 24-க்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் தூக்கத்தில் போய் உட்காருகிறது. அதை எந்தத் தியானமும் நிரப்பாது, ஆட்களை எடுத்தால்தான் நிரம்பும்.

இதோடு அட்மிஷன் சீசன் வந்துவிட்டால் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடித்து வரும் வேலையும் சில இடங்களில் ஆசிரியர் தலையில்தான். எத்தனை சீட் நிரப்பினாய் என்று கேட்கப்படும் ஒருவர் மறுநாள் வகுப்பில் நர்சிங் அறம் நடத்துகிறார். அந்தச் சங்கடம் சாதாரணமானதில்லை. செய்ய வேண்டியது எது என்று தெரிந்தும் நிறுவனத்தின் நெருக்கடியால் அதைச் செய்ய முடியாமல் போகும் வேதனைக்கு ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-ல் தார்மிக வேதனை என்று பெயர் வைத்தார், அதுவும் நர்ஸ்களைப் பற்றி எழுதும்போதுதான். இன்ஸ்பெக்‌ஷன் வரும் வாரத்தில் இந்த வேதனையை நேருக்கு நேர் பார்க்கலாம். வேறு ஊரில் வேலை செய்பவர் பெயர் ஃபேக்கல்டி பட்டியலில் இருக்கும், அவருடைய வகுப்புகளை எடுத்தவர் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். மத்தியப் பிரதேசத்தில் நர்சிங் கல்லூரிகளின் நிலை உயர்நீதிமன்றம் வரைக்கும் போய், சி.பி.ஐ. ஆய்வுக்கு உத்தரவாகி, கடைசியில் 2024 மே மாதம் அந்த ஆய்வுக்குப் போன சி.பி.ஐ. அதிகாரிகளே லஞ்ச வழக்கில் கைதானார்கள். அப்படிப்பட்ட இடங்களில் தினமும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேர்மையான ட்யூட்டர்களின் மனநிலையைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் ஆன்மிகத்தைப் பேசினால் அது மருந்தாகாமல் புண்ணில் இன்னொரு கீறலாகத்தான் ஆகும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் தொழிலில் 'சேவை' என்ற சொல்லை வைத்து நிறைய அநியாயம் நடந்திருக்கிறது. சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போனால் சேவை. லீவு கேட்டால் அர்ப்பணிப்பு இல்லை. வேலையை விட்டுப் போகிறேன் என்றால் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் ஆபீஸ் பீரோவில் பூட்டியிருக்கும். என் சர்ட்டிஃபிகேட்டும் ஒரு காலத்தில் அப்படிப் பூட்டிக் கிடந்தது, அந்த மாதங்களில் காலை ஜெபத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு நினைத்தது கடவுளைப் பற்றியில்லை, அந்தப் பீரோவைப் பற்றி. அன்பு, அழைப்பு, அர்ப்பணிப்பு என்று பேசும் நிர்வாகம் அதே கையால் சர்ட்டிஃபிகேட்டைப் பூட்டி வைத்தால், ஃப்ரையின் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது: சொல்வதைச் செய்கிறார்களா?

இன்னொரு ஆபத்து, களைப்பை விசுவாசக் குறைவாகச் சொல்வது. 'உனக்கு நம்பிக்கை போதாது, இன்னும் ஜெபி, இன்னும் தியானம் பண்ணு' என்று மூத்தவர்கள் அக்கறையோடுதான் சொல்வார்கள். ஆனால் மதமும் மனநலமும் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த கென்னத் பார்கமெண்ட் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டினார். கஷ்டத்தில் கடவுளைத் துணையாக நினைப்பவர்களுக்கு நம்பிக்கை உதவுகிறது. கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று நினைப்பவர்களுக்கு அதே மதம் மனச்சோர்வைக் கூட்டுகிறது. ஏற்கனவே தூக்கமில்லாமல் இருப்பவரிடம் உன் நம்பிக்கை போதாது என்று சொல்வது அவரை இந்த இரண்டாவது பக்கத்துக்குத் தள்ளுவதுதான். வேலைச் சோர்வைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019-ல் எடுத்த நிலையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சரியாகக் கையாளப்படாத, நீண்ட நாள் வேலை அழுத்தத்தால் வரும் தொழில் சார்ந்த நிலை என்றுதான் அதை வகைப்படுத்தியிருக்கிறது. தனி ஆளின் பலவீனம் என்று அதில் எங்கும் இல்லை.

அப்படியானால் ஆய்வுகள் சொல்வதாக உங்கள் பிரின்சிபால் சொன்னது பொய்யா? பொய்யில்லை, அரைகுறை. இந்தத் தலைப்பில் வரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் ஒரே ஆளிடம் இரண்டு கேள்வித்தாள்களைக் கொடுப்பவை. ஒன்றில் உன் தலைவர் எப்படி என்று கேட்கும், மற்றதில் உன் மனநிலை எப்படி என்று கேட்கும். இரண்டும் சேர்ந்து ஏறுவதைப் பார்த்துத் தொடர்பு உண்டு என்பார்கள். நிம்மதியாக இருப்பவர் தலைவருக்கும் நல்ல மார்க் போடுவார், நொந்து போயிருப்பவர் குறைவாகப் போடுவார். அதனால் எது காரணம், எது விளைவு என்று இந்த முறையில் பிரிக்க முடியாது. நல்ல சம்பளமும் போதிய ஆட்களும் உள்ள கல்லூரியில் தலைமையும் நன்றாகத் தெரியும், மனநிலையும் நன்றாக இருக்கும். எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்கு மாணவிகளிடம் நாமே சொல்லிக்கொடுக்கும் பாடம்தானே இது, நமக்கு மட்டும் ஏன் மறந்துபோக வேண்டும்? இருந்தாலும், தன்னை மதிக்கும் இடத்தில், அர்த்தமுள்ள வேலையில் இருப்பவர்கள் மனதளவில் நன்றாக இருக்கிறார்கள் என்பது பல துறைகளில் பல முறைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. அந்த அளவுக்கு நம்பலாம்.

தொலைநோக்கு என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தந்தையின் வீட்டில் தங்கியிருந்த ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வாருங்கள் என்று கேட்டார்கள். ஐடா டாக்டர் இல்லை, ஆண் டாக்டரான தந்தையை வீட்டுக்குள் விட அவர்கள் தயாராக இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், நர்சிங் மாணவிகள் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும் லாம்ப் லைட்டிங் விழாவில் வருடா வருடம் சொல்வோம். ஆனால் அதற்கு அப்புறம் அவர் செய்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. அமெரிக்கா போய் 1899-ல் டாக்டர் பட்டம் வாங்கினார், 1900-ல் வேலூரில் ஒரே கட்டிலோடு ஆரம்பித்தார், 1902-ல் 40 படுக்கை மருத்துவமனை, 1909-ல் நர்சிங் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அங்கே 1946-ல் பி.எஸ்சி. நர்சிங் வந்தது, நாட்டிலேயே முதலில் தொடங்கிய இரண்டு கல்லூரிகளில் ஒன்றாக. ஆழ்ந்த பக்தி உள்ளவர்தான் அவர். ஆனால் வேலை தாங்க முடியாமல் பெருகியபோது, இருந்த கைகளை இன்னும் அர்ப்பணிப்போடு உழை என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. கைகளைப் பெருக்கினார், பள்ளி கட்டினார். ஆன்மிகம் ஒரு தலைவரிடம் இருந்தால் அது கட்டடமாகவும் ஆட்களாகவும் பயிற்சியாகவும் வெளியே வரும்.

இன்றைக்கு உலகம் முழுக்கக் கைகள் தேவைப்படுகின்றன. 2025-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கைப்படி 2023-ல் உலகில் 2 கோடியே 98 லட்சம் நர்ஸ்கள் இருந்தார்கள், பற்றாக்குறை 58 லட்சம். அந்த 58 லட்சம் பேரைப் பயிற்றுவிக்கப் போவது யார்? நம்மைப் போன்ற ஆசிரியர்கள்தான். அதனால்தான் ட்யூட்டர்களின் தூக்கம் தனிப்பட்ட விஷயமில்லை என்கிறேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் உங்கள் கையில் இருப்பதிலிருந்து. மாணவிகளுக்கு நீங்கள்தான் தலைவி. வார்டில் முதல் மரணத்தைப் பார்க்கும் பதினெட்டு வயதுப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். நேற்று வரை அவள் கஞ்சி ஊட்டிய பாட்டி, இன்று திரை இழுத்த கட்டிலில். இறந்தவரின் உடலைச் சுத்தம் செய்து தயார்படுத்தும் லாஸ்ட் ஆஃபீஸை எப்படிச் செய்வது என்று படித்திருக்கிறாள், கை நடுங்குகிறது. அந்த நேரத்தில் ட்யூட்டர் லாக் புக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம். அல்லது அவளோடு கையுறை போட்டுக்கொண்டு நின்று, பாட்டியின் பெயரைச் சொல்லியே பேசி, கண்ணை மூடிவிட்டு, முகத்தைத் துடைத்து, வெளியே அழுதுகொண்டிருக்கும் மகளை எப்போது உள்ளே கூப்பிடுவது என்று மெதுவாகக் காட்டித் தரலாம். முடிந்ததும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கச் சொல்லலாம். வார்டு வேலை முடிந்ததும் மாணவிகளோடு உட்காரும் போஸ்ட் கான்ஃபரன்ஸில் வேறு எதையும் பேசாமல், இன்றைக்கு என்ன கஷ்டமாக இருந்தது என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஃப்ரை சொல்லும் அர்த்தமும் சேர்ந்திருக்கும் உணர்வும் அந்த அரை மணி நேரத்தில் இருக்கின்றன, உங்களுக்கும் சேர்த்தே. இதற்கு பிரின்சிபால் அனுமதி தேவையில்லை. நான் இந்தத் தொழிலை விடாமல் இருப்பதற்குக் காரணம் இப்படிப்பட்ட அரை மணி நேரங்கள்தான்.

அடுத்து, உங்கள் பிரின்சிபாலிடம் பேசுங்கள். தனியாக வேண்டாம், இரண்டு மூன்று பேராகப் போங்கள். பிரார்த்தனை வேண்டாம் என்று ஆரம்பித்தால் பேச்சு மதத்தைப் பற்றியதாகிவிடும், அப்புறம் ஒன்றும் நடக்காது. மேம், ஆன்மிகத் தலைமைபற்றி நீங்கள் சொன்னதைப் படித்துப் பார்த்தோம், அதில் வரும் இந்த இரண்டு மூன்றை நம் கல்லூரியில் செய்யலாமா என்று கேளுங்கள். போஸ்டிங் பட்டியலை ட்யூட்டர்களோடு சேர்ந்து போடுவது, ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வார்டு வராமல் பார்ப்பது, தவறு நடந்தால் மெமோவுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவது, வாரத்தில் ஒரு மதியத்தை லாக் புக் திருத்த விட்டுவிடுவது. காலைப் பிரார்த்தனையை விருப்பமுள்ளவர்களுக்கு என்று ஆக்கச் சொல்லலாம். பல மதத்தவர் சேர்ந்து வேலை செய்யும் இடம் நம்முடையது. மாணவர்களைப் பொறுத்தவரை, அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையத்தில் சம்மதமில்லாமல் யாரையும் வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 28-வது பிரிவே சொல்கிறது. ஆசிரியருக்கும் அந்த மரியாதையைக் கொடுப்பதில் ஒரு நல்ல தலைவருக்கு என்ன தயக்கம் இருக்க முடியும்? பிரார்த்தனை பிடித்தவர்கள் மனசோடு வருவார்கள், மற்றவர்கள் அந்தக் கால் மணியில் ஒரு டீ குடித்துவிட்டு வார்டுக்குப் போவார்கள்.

அவர் காதுகொடுத்துக் கேட்டால் அவரிடம் உண்மையிலேயே அந்தத் தலைமை இருக்கிறது. முதல் முறையே எல்லாம் நடக்காது, நிர்வாகம் அவருடைய கையையும் கட்டிப் போட்டிருக்கலாம். ஆனால் ஒன்றையாவது மாற்ற முயல்கிறாரா, உங்களுக்காக நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை பேசுகிறாரா என்று பாருங்கள். பல பிரின்சிபால்கள் மேலிடத்துக்கும் ஸ்டாஃபுக்கும் நடுவில் தனியாக மாட்டிக்கொண்டு நிற்பவர்கள், அவர்களுடைய உளநலத்தை யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டால் அதுவே பேச்சுக்கு நல்ல தொடக்கம்.

உங்கள் உடம்பைப் பற்றி இப்போதே ஒன்று சொல்ல வேண்டும். பல மாதத் தூக்கமின்மையை நோயாளி ஒருவர் சொல்லியிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ அதைத்தான் நானும் சொல்கிறேன், டாக்டரிடம் காட்டுங்கள். நர்சிங் படித்தவர்கள் தனக்கு என்று வரும்போது கடைசிவரை இழுத்தடிப்பார்கள், தெரிந்தவர்கள் இருக்கும் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போகக் கூச்சப்படுவார்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம், கல்லூரியில் யாருக்கும் தெரியப் போவதில்லை. எதிலும் மனசு ஒட்டாமல் இருப்பது, சாப்பாடு பிடிக்காமல் போவது, இருந்து என்ன பிரயோஜனம் என்ற எண்ணம் இவற்றில் ஏதாவது இருந்தால் இன்றே பேசுங்கள். தியானமும் பிரார்த்தனையும் உங்களுக்குப் பிடித்திருந்தால் கூடவே செய்யுங்கள், வீட்டில், உங்கள் நேரத்தில், உங்கள் விருப்பப்படி.

வேலையை மாற்றலாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருந்தது. பேசிப் பார்த்தும் ஒன்றும் அசையவில்லை, கேட்டதற்காக உங்களைத் தனிமைப்படுத்துகிறார்கள் என்றால் மாற்றுங்கள். அது துரோகம் இல்லை, அர்ப்பணிப்புக் குறைவும் இல்லை. அடுத்த இடத்துக்கு இன்டர்வியூ போகும்போது அவர்கள் உங்களைக் கேட்பதைப் போல நீங்களும் கேளுங்கள்: போன வருடம் எத்தனை ட்யூட்டர்கள் விட்டுப் போனார்கள், ஒரு போஸ்டிங்கில் ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், பிரின்சிபால் வகுப்பெடுக்கிறாரா, வார்டுக்கு வருகிறாரா, ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைச் சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுப்பீர்களா. முடிந்தால் அங்கே வேலை செய்துவிட்டு வெளியேறிய ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் கிளம்பிய நாளில் அவரிடம் எப்படிப் பேசினார்கள் என்று கேளுங்கள்.